டைட்டஸின் ஆறு மணி லைவ்

டைட்டஸ் அண்ணன் லைவ் போடுவதற்கு முன் கைப்பேசியின் கேமராவை மூன்று முறை துடைப்பார். பனியனின் கீழ் ஓரத்தைச் சுட்டுவிரலில் சுற்றிக்கொண்டு, முதலில் இடமிருந்து வலம், பிறகு வலமிருந்து இடம், கடைசியில் ஒரு வட்டம். துடைத்த ஓரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். அழுக்கு தெரிந்தால் மறுபடி முதலிலிருந்து. பிறகு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து, கைப்பேசியை அதோடு சேர்த்து இரண்டு ரப்பர் பேண்டால் இறுக்குவார். காலை ஆறு மணி ஆனதும் பொத்தானை அழுத்துவார்.

"வணக்கம். சத்தம் கேக்குதா? கேட்டா ஒண்ணு போடுங்க."

ஐந்து பேர் ஒன்று போட்டால்தான் பேச்சு தொடங்கும். நான்கோடு நின்றால் அவரும் நிற்பார், காகம் கத்துவது மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். ஒரு நாள் அப்படி ஏழு நிமிடம் ஓடியது. பொறுக்காமல் அம்மாவின் ஃபோனை எடுத்து ஐந்தாவது ஒன்றை நானே போட்டேன். அன்று மத்தியானம் வாட்ஸப்பில் செய்தி வந்தது: "தம்பி, ஒரே ஆள் ரெண்டு ஒண்ணு போடக்கூடாது."

அவருக்கு வயது முப்பத்தெட்டு. காரைக்கால் டவுனில் ஒரு கூரியர் அலுவலகத்தில் பார்சல் பிரிக்கும் வேலை. பின்கோடைப் பார்த்தால் ஊரைச் சொல்வார், ஊரைக் கேட்டால் பின்கோடைச் சொல்வார். எதிரில் நின்று ஏதாவது கேட்டால் மட்டும் பதில் நமக்கு வராது, பக்கத்துச் சுவருக்குப் போகும். முப்பத்தோரு வயதில்தான் புதுச்சேரியில் ஒரு டாக்டர் அதற்கு ஆட்டிசம் என்று பெயர் சொன்னார். அதுவரை தெருவில் அதற்கு வேறு பெயர்கள் இருந்தன. அதற்குப் பிறகும் இருந்தன. ரிப்போர்ட்டை மடித்து பீரோவில் வைத்த அவருடைய அக்கா ரீட்டா, "பேரு தெரிஞ்சுடுச்சு. இனிமே பேரு சொல்லிக் கூப்புட்டா திரும்பிப் பாத்துடப்போறானா?" என்றாராம். ரீட்டா அக்கா ஒரு தனியார் லேபில் ரத்தம் எடுப்பவர். அப்பா அம்மா போன பிறகு வீட்டில் இவர்கள் இருவர்தான். காலையில் ஏழரைக்குக் கிளம்பும்போதே அக்காவின் முகத்தில் மாலை ஏழு மணி ஆகியிருக்கும்.

அந்த மொட்டைமாடியிலிருந்து அரசலாற்றின் ஒரு வளைவும் பாலமும் தெரியும். லைவில் டைட்டஸ் அண்ணன் தன் முகத்தைக் காட்ட மாட்டார். கேமரா ஆற்றைப் பார்த்திருக்கும், குரல் மட்டும் வரும். பாலத்துத் தூணில் தண்ணீர் எந்தக் கோடு வரை நிற்கிறது, காற்று எந்தப் பக்கம், எத்தனை படகு முகத்துவாரத்துக்குப் போயிற்று, எந்த பஸ் எத்தனை நிமிடம் தாமதம். இதைப் பார்க்க தினமும் ஐம்பது அறுபது பேர் வந்தார்கள். பாதிப் பேர் கத்தாரிலும் குவைத்திலும் இருந்தார்கள். இரண்டு மூன்று பேர் பிரான்சில். யார் என்ன எழுதினாலும் ஒன்று விடாமல் பெயரோடு வாசித்து, வாசித்த உடனே பதில் சொல்வார். "பக்கீர் மைதீன். அஸ்ஸலாமு அலைக்கும். வ அலைக்கும் ஸலாம். போன செவ்வாக்கெழம கடவாப்பல்லு வலின்னீங்க. போயிடுச்சா?" தெருவில் பக்கீர் மைதீனே எதிரில் வந்திருந்தால் அண்ணன் சைக்கிளைத் திருப்பியிருப்பார்.

நான் எதிர் வீடு. கையில் ஒரு கவிதைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தினமும் அந்த லைவைப் பார்ப்பேன். பக்கம் திரும்பாது. மூன்று மாதம் ஆனதும் அண்ணனிடமிருந்து ஒரு வரி வந்தது: "நீங்க மாடரேட்டரா இருக்கலாம். நேர்ல பேச வேண்டியதில்ல." இவ்வளவு நல்ல வேலை எனக்கு அதற்கு முன் யாரும் கொடுத்ததில்லை. கெட்ட வார்த்தை எழுதுகிறவர்களை நீக்குவது என் பொறுப்பு.

அஃபீஃபா என்ற பெயரில் ஒரு பெண் வருவாள். காரைக்காலில்தான் வீடு, ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம். அவளுக்கும் இதே ஆட்டிசம் என்று அவளே எழுதியிருந்தாள். வயது இருபத்தேழு. தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கும் என்று முதல் நாளே கணித்து எழுதுவாள். மறுநாள் அண்ணன், "அஃபீஃபா. மூணாவது கோடுன்னீங்க. மூணாவது கோட்டுக்கு ரெண்டு விரக்கடை கீழ நிக்குது" என்பார். "சரி" என்று வரும். அவர்களுடைய பேச்சு அவ்வளவுதான். ஒன்றரை வருடத்தில் ஒரு நாள்கூட அது தவறவில்லை.

போன வருடம் ஆடியில், ஒரு புதன்கிழமை மாலை ஏழு மணிக்கு, எங்கள் தெருக்கோடியில் செல்வம்மாள் இறந்துபோனார். கிட்னிக் கோளாறு. மூத்த மகன் மரியசூசைக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் பேக்கரி. இளைய மகன் செல்வின் கத்தாரில் கட்டட வேலையில் இருந்தார்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்குச் சாவை ஃபோனில் சொல்லும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. "சீரியஸ், உடனே கிளம்பி வா" என்றுதான் சொல்வார்கள். அங்கே தனியாக இருக்கிறவன் என்ன செய்துகொள்வானோ என்ற பயம். வாசலில் வந்து இறங்கும்போது பந்தலைப் பார்த்து அவனே தெரிந்துகொள்வான், பிடித்துக்கொள்ள நான்கு பேர் இருப்பார்கள். மரியசூசை அதைத்தான் செய்தார். யாரும் ஸ்டேட்டஸ் வைக்கக் கூடாது என்று வீடு வீடாகச் சொல்லி அனுப்பினார். கோயிலில் துக்க மணி அடிப்பதைக்கூட நிறுத்திவைக்கச் சொன்னார். காலையில் மணி அடித்தால் டைட்டஸ் லைவில் கேட்கும், செல்வின் தினமும் அதைப் பார்க்கிறவர்.

வியாழன் விடிகாலை ஐந்தரைக்கு அவரே டைட்டஸ் அண்ணன் வீட்டுக்கு வந்தார். ராத்திரி முழுக்கப் பிணத்தருகில் உட்கார்ந்திருந்த கண்கள். மாடரேட்டர் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"ரீட்டா, இன்னிக்கி ஒரு நாள் இத நிறுத்தச் சொல்லேன்."

"நிறுத்துனா ஏன் நிறுத்துனான்னு யோசிப்பாருல்ல? இவன் காச்சல்லகூட நிறுத்தினதில்லண்ணே."

மரியசூசை யோசித்தார். "அதுவும் சரிதான். ஓடட்டும். ஆனா அம்மா விஷயம் வாயில வரக்கூடாது. டைட்டஸு, கேக்குதா?"

அண்ணன் தண்ணீர்ப் பானையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நானா சொல்ல மாட்டேன். யாராவது கேட்டா?"

"எவன்டா கேக்கப்போறான்? கேட்டா சீரியஸ்னு சொல்லு."

"சீரியஸ்னா உசுரோட இருக்கறவங்களுக்குச் சொல்றது."

"பாரு ரீட்டா, இந்த நேரத்துல இவன் எனக்குப் பாடம் எடுக்குறான்."

"டேய், சும்மா இரு. நீங்க போங்கண்ணே, அங்க ஆளுங்க காத்துக்கிட்டு இருப்பாங்க. நான் பாத்துக்குறேன்" என்றார் அக்கா. மரியசூசைக்கு அதற்கு மேல் நிற்கத் தெம்பில்லை. போய்விட்டார்.

ஆறு மணி. ஐந்து ஒன்றுகள் விழுந்தன. அதில் செல்வின் இல்லை. தண்ணீர், காற்று, இரண்டு படகுகள். ஆறு பன்னிரண்டுக்கு ஒரு வரி வந்தது.

"டைட்டஸ், எங்க அம்மா இருக்காங்களா?"

நான் அதைப் பார்த்தேன். நீக்குவதற்கு இரண்டு இடத்தில் தொட வேண்டும். முதல் இடத்தைத் தொட்டுவிட்டேன். பெற்ற அம்மாவைப் பற்றிக் கேட்கிறவரின் வரியைக் கெட்ட வார்த்தைபோல் அழிப்பதா என்று விரல் அங்கேயே நின்றது. அவ்வளவு நேரம் போதும்.

"செல்வின். எங்க அம்மா இருக்காங்களா. இல்ல. நேத்து சாயந்தரம் ஏழு மணிக்கு எறந்துட்டாங்க." ஒரு மூச்சு விட்டார். "திருநள்ளாறு பஸ் நாலு நிமிஷம் லேட்டு."

திரையில் எதுவும் நகரவில்லை. ஐம்பத்து மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் எழுதியது அஃபீஃபா. "இன்னா லில்லாஹி" என்று மட்டும். அதையும் பெயரோடு வாசித்தார்.

பத்து நிமிடத்தில் கீழே கேட்டை உதைக்கிற சத்தம் கேட்டது. மரியசூசை மாடி ஏறி வந்துவிட்டார்.

"சொல்லிட்டியா? சொல்லிட்டியாடா? அவன் அங்க ஒத்தையா கெடக்குறான். ஃபோன் சுச்சாஃப்ல இருக்கு. ஏதாவது பண்ணிக்கிட்டான்னா நீ வருவியா? ஒங்க அக்கா வருவாளா?"

அண்ணன் ரப்பர் பேண்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். "நேரம் தப்பா சொல்லிட்டேனா?" என்று சுவரிடம் கேட்டார். "ஏழா, ஏழஞ்சா?"

மரியசூசை அடிக்கக் கை ஓங்கினார். ரீட்டா அக்கா நடுவில் வந்து நின்றார். அழவில்லை, சத்தம் போடவில்லை. "நேரம் சரிதான்டா" என்றார் தம்பியிடம். பிறகு மரியசூசையிடம், "இனிமே இது ஓடாதுண்ணே. நான் சொல்றேன்ல. டைட்டஸ், அண்ணன்கிட்ட சொல்லு."

"நிறுத்திடுறேன்" என்றார் டைட்டஸ் அண்ணன்.

செல்வின் ஐந்து மணி நேரம் ஃபோனில் கிடைக்கவில்லை. அந்த ஐந்து மணி நேரமும் தெருவில் எல்லாரும் எங்கள் இரண்டு வீட்டையும் பார்த்துக்கொண்டே போனார்கள். பதினொன்றரைக்குக் கூப்பிட்டு, டிக்கெட் போட்டாயிற்று, காலையில் சென்னை என்று இரண்டே வாக்கியம் சொன்னார். வெள்ளி மாலை நான்கு மணிக்கு அடக்கம். கல்லறையில் முதல் பிடி மண்ணை அவர்தான் போட்டார். திரும்பி வரும் வழியில் டைட்டஸ் அண்ணன் வீட்டு முன் நின்று, மொட்டைமாடியை ஒரு நிமிடம் அண்ணாந்து பார்த்தார். கோபம் என்று நினைத்துக்கொண்டு நான் ஜன்னலிலிருந்து விலகிவிட்டேன். பத்தாம் நாள் கத்தாருக்குத் திரும்பிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை. அண்ணன் ஆறு மணிக்கு மாடிக்கு வருவார். கேமராவைத் துடைப்பார். பொத்தானை அழுத்தாமல் ஏழு மணி வரை நிற்பார். பிறகு இறங்கிப்போவார். கூரியர் அலுவலகத்தில் முதல்முறையாக ஒரு பார்சல் ஊர் மாறிப் போயிற்று. சோறு பாதி தட்டிலேயே கிடந்தது. அக்கா லேபிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்துவிடுவார்.

"இவன் பேசலன்னா நிம்மதின்னு நெனச்ச நாளும் உண்டு தம்பி" என்றார் ஒரு முறை என்னிடம். "இப்ப இந்தச் சத்தமில்லாத வீட்டுல எனக்கு மண்ட வலிக்குது."

மூன்றாவது வாரம் ஒரு பெரியவர் ஸ்கூட்டரில் வந்து முகவரி விசாரித்தார். அஃபீஃபாவின் வாப்பா, சாதிக் பாட்சா. கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"லைவ் போடுற தம்பி வீடு இதானேம்மா? ஏன் இப்ப வர்றதில்ல? ஒடம்பு சரியில்லியா?"

அக்கா நடந்ததைச் சொன்னார். அவர் தாடியைத் தடவியபடி கேட்டுக்கொண்டார்.

"எங்க வீட்டுல ஒம்போது பேரு இருக்கோம். ஒம்போது பேருகிட்டயும் வாயத் தொறக்காத புள்ள, இந்தத் தம்பிகிட்டதான் நாலு வார்த்த பேசும். அதுவும் எழுதித்தான். இப்ப அந்தத் தண்ணிக் கணக்க எழுதி எழுதி ஒரு நோட்டுல வச்சிருக்கு. சரியா தப்பான்னு சொல்ல ஆளில்ல. கூட்டிக்கிட்டு வரட்டுமா? ரெண்டு பேரும் பாத்துப் பேசிக்கட்டுமே."

உள்ளேயிருந்து அண்ணனின் குரல் வந்தது. "நேர்ல வேணாம். நேர்ல மூஞ்சி இருக்கும்."

சாதிக் பாட்சாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதையேதான் அதுவும் சொல்லுச்சு."

"சரிடா, நீ லைவே போட்டுத்தொலை" என்றார் அக்கா. "நான் மரியசூசை அண்ணன்கிட்ட பேசிக்குறேன்."

"நிறுத்திடுறேன்னு சொல்லியிருக்கேன்."

"நான்தான்டா சொல்லச் சொன்னேன். நானே இப்ப போடச் சொல்றேன்."

"அவருகிட்டதான் சொன்னேன். அவரு சொல்லணும்."

எந்தக் குணத்தால் லைவ் நின்றதோ அந்தக் குணமே அதைப் பூட்டியும் வைத்தது. அக்கா நெற்றியைக் கேட்டில் சாய்த்துக்கொண்டார்.

மரியசூசையிடம் பேச நான் பேக்கரிக்குப் போனேன். மூன்று முறை. முதல் இரண்டு முறையும் பன் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். மூன்றாவது முறை அவரே, "என்ன தம்பி, பன்னத் தின்னுட்டுத்தான் உசுரோட இருக்கியா?" என்று கேட்டார். அந்தச் சிரிப்பின் ஓரத்தில் எப்படியோ சொல்லிவிட்டேன்.

அவர் முகம் மாறியது. கல்லாவின் மேல் இருந்த மாவைக் கையால் ஒதுக்கினார். "எனக்கு அவன் மேல வன்மமில்ல. அந்த அஞ்சு மணி நேரத்த நெனச்சாதான். என் தம்பி வாயால சொல்லட்டும், நான் குறுக்க நிக்க மாட்டேன்."

செல்வினுக்கு எழுத வேண்டிய செய்தியை நான் பதினொரு நாள் எழுதி எழுதி அழித்தேன். பன்னிரண்டாம் நாள் அனுப்பியது இவ்வளவுதான்: "அண்ணே, டைட்டஸ் அண்ணன் லைவ் நின்று போச்சு. நீங்க சொன்னா விடுவேன்னு உங்க அண்ணன் சொல்றார்." படித்ததற்கான நீலக் குறி வந்தது. பதில் வரவில்லை. நான்கு நாள் கழித்து, மரியசூசை பைக்கை நிறுத்தாமலே கேட்டருகில் மெதுவாக்கி, "ரீட்டா, ஓட்டச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐம்பத்தாறு நாள் கழித்து லைவ் மறுபடி வந்தது. பத்தொன்பது பேர்தான் இருந்தார்கள். மற்றவர்கள் ஆறு மணிக்கு வேறு எதையோ பார்க்கப் பழகியிருந்தார்கள். அண்ணன் மேலே ஒரு வரி எழுதி வைத்திருந்தார்: "தண்ணி, காத்து, பஸ் மட்டும். ஆளுங்களப் பத்திக் கேக்க வேண்டாம்." யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, அவராகவே போட்ட விதி. பக்கீர் மைதீன் தனக்குப் பேரன் பிறந்திருப்பதாக எழுதினார். அண்ணன் பெயரை மட்டும் வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார். கடவாய்ப்பல்லைப் பற்றி அதற்குப் பிறகு அவர் யாரிடமும் கேட்டதில்லை. கொஞ்ச நாளில் பக்கீர் மைதீனும் வருவதை நிறுத்திக்கொண்டார். அஃபீஃபா மட்டும் வந்தாள். ஐம்பத்தாறு நாளுக்கும் சேர்த்து, நாளுக்கு ஒரு கணிப்பாக ஐம்பத்தாறு வரி அனுப்பினாள். சரி தப்பு அவருக்குத் தெரிந்திருந்தது, அந்த நாட்களிலும் அவர் மாடியில்தானே நின்றிருந்தார். முதல் நாள் லைவ் முழுக்க அதற்கே சரியாகப் போயிற்று. மேலும் நான்கு பேர் வெளியேறினார்கள்.

இது எல்லாம் முடிந்து பத்து மாதம் கழித்து, செல்வம்மாளின் முதலாண்டுப் பூசைக்காகச் செல்வின் ஊருக்கு வந்தார். ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்து டீக்கடையில் அவரே என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ஏன் தம்பி, டைட்டஸ் இப்பல்லாம் ஆளுங்களப் பத்திப் பேசுறதே இல்ல? தண்ணி தண்ணின்னு அதையே சொல்லிக்கிட்டு இருக்கான்."

நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரே தொடர்ந்து சொன்னார். அன்று புதன் மாலையே மரியசூசை கூப்பிட்டு "அம்மாவுக்கு சீரியஸ்" என்றதும், அவர் லீவு கேட்டு ஓடியிருக்கிறார். சூப்பர்வைசர் ஒரு மலையாளி. சீரியஸ் என்று சொல்லி அந்த மாதம் மட்டும் மூன்று பேர் ஊருக்குப் போயிருந்தார்கள், இரண்டு பேர் திரும்பவில்லை. சீரியஸுக்குக் கம்பெனி லீவு தராது, இறந்திருந்தால் சொல், இப்போதே கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டார். செல்வின் அந்த ராத்திரி ஊரில் ஒன்பது பேரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். ஒன்பது பேரும் சீரியஸ் என்றார்கள். கடைசியில் டைட்டஸ் அண்ணனிடம் கேட்டார். பதில் வந்ததும் சூப்பர்வைசரின் அறைக்கு ஓடி, லைவில் அந்த இடத்தைத் திருப்பிப் போட்டுக் காட்டினார். அவருக்குத் தமிழ் புரியும். இரண்டு முறை கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாராம். ராத்திரி முழுக்கப் பேசியதில் சார்ஜ் தீர்ந்து ஃபோன் அணைந்தது அதற்குப் பிறகுதான்.

"அண்ணன்கிட்ட மட்டும் இதச் சொல்லிடாதீங்க தம்பி" என்றார் செல்வின். "சீரியஸ்னு கேட்ட ஒடனே டிக்கெட் போட்டுட்டேன்னுதான் அவருகிட்ட சொல்லியிருக்கேன்."